பிள்ளையின் முதல் கிரெடிட் கார்டு: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நம்மில் பலர் வளர்ந்த வீடுகளில் "யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை" என்பது பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயம். அமெரிக்காவில் பதினெட்டு வயதுப் பிள்ளை அதையே சொன்னால் பெரிதாக மதிப்பில்லை. கல்லூரிக்கு வெளியே அபார்ட்மென்ட் எடுக்கப் போனால் கூடுதல் டெபாசிட் கேட்பார்கள், அல்லது அப்பாவோ அம்மாவோ பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். முதல் கார் லோனுக்கு வட்டி ஏறும். பெரும்பாலான மாநிலங்களில் கார் இன்சூரன்ஸ் பிரீமியத்தை முடிவு செய்யும்போதுகூடக் கடன் வரலாற்றைப் பார்க்கிறார்கள். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற சில மாநிலங்கள்தான் விதிவிலக்கு.

ஊர் மளிகைக் கடையில் கணக்கு நோட்டு இருக்குமே, அதுதான் இது. மாதம் பிறந்ததும் சொன்னபடி கொடுத்துவிடுகிறவருக்குக் கடைக்காரர் யோசிக்காமல் சாமான் கட்டித் தருவார். நோட்டில் பெயரே இல்லாதவர் நாணயமானவராகவே இருக்கலாம், ஆனால் கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. அமெரிக்காவில் அந்த நோட்டை எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அதில் உள்ளதை வைத்து 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். வங்கிகள் அதிகம் பார்ப்பது ஃபைக்கோ ஸ்கோரை.

ஃபைக்கோ எதை எவ்வளவு பார்க்கிறது என்பது ஒளிவுமறைவு இல்லாத விஷயம். நேரத்துக்குக் கட்டினீர்களா என்பதற்கு 35 சதவீதம். கொடுத்த லிமிட்டில் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு 30. கணக்குகளுக்கு எவ்வளவு வயது என்பதற்கு 15. புதிதாகக் கடன் கேட்டு அலைகிறீர்களா என்பதற்கு 10, எத்தனை வகைக் கடன் என்பதற்கு இன்னொரு 10. இதில் சம்பளம் இல்லை, வங்கியில் கிடக்கும் சேமிப்பு இல்லை, பிள்ளையின் மார்க்கும் இல்லை. இருப்பது பழக்கமும் காலமும்தான். ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்காவது இல்லாவிட்டால் ஃபைக்கோ ஸ்கோரே வராது. அதனால் எந்தக் கார்டு என்று யோசிப்பதற்கு முன்னால் எப்போது எதைத் தொடங்குவது என்று யோசிப்பதுதான் சரியான வரிசை.

பிள்ளை பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா?

இந்தப் படியைப் பலர் செய்வதே இல்லை. குழந்தைகளின் சோசியல் செக்யூரிட்டி நம்பரைத் திருடி அதில் கடன் வாங்குவது அமெரிக்காவில் வழக்கமான மோசடி. யாரும் பல வருடம் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்று திருடனுக்கும் தெரியும். பதினெட்டு வயதில் முதல் விண்ணப்பம் காரணம் புரியாமல் நிராகரிக்கப்படும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

அதனால் பதினாறு வயது நெருங்கும்போதே மூன்று நிறுவனங்களிலும் பிள்ளை பெயரில் கோப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிறார் என்பதால் ஆன்லைனில் இரண்டு நிமிடத்தில் முடியாது. பிறப்புச் சான்றிதழ், சோசியல் செக்யூரிட்டி அட்டை, உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை அனுப்ப வேண்டியிருக்கும். கோப்பே இல்லை என்று பதில் வந்தால் அது நல்ல செய்தி.

கையோடு ஃப்ரீஸ் போட்டுவிடலாம். ஃப்ரீஸ் போட்டால் அந்த நம்பரில் யாரும் புதிய கடன் கணக்குத் திறக்க முடியாது. 2018ல் வந்த சட்டத்துக்குப் பிறகு இது இலவசம். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெற்றோரே போடலாம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தாங்களே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மூன்று இடத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும், பிற்பாடு கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் தனித்தனியாக எடுக்கவும் வேண்டும். சின்ன வயதில் தபால் வழியாகப் போட்டது என்றால் எடுக்கவும் நாள் பிடிக்கலாம். அந்தக் கடிதங்களையும் பின் நம்பரையும் பாஸ்போர்ட் வைக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.

முதலில் செக்கிங் அக்கவுண்ட், டெபிட் கார்டு

பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வைத்திருக்கும் டீன் செக்கிங் அக்கவுண்ட்டைப் பெரும்பாலான வங்கிகளும் கிரெடிட் யூனியன்களும் தருகின்றன. டெபிட் கார்டு பயன்படுத்துவதால் கிரெடிட் ஸ்கோர் ஏறாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பல பிள்ளைகள் பிளாஸ்டிக் அட்டை எல்லாம் ஒன்று என்றே நினைக்கிறார்கள்.

ஆனாலும் இந்தக் கட்டம் வேண்டும். கோடை விடுமுறையில் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாகவோ ஐஸ்கிரீம் கடையிலோ வேலை செய்து, சம்பளம் நேராகத் தன் அக்கவுண்ட்டில் விழுவதைப் பார்த்த பிள்ளைக்குப் பணம் தீர்ந்துபோகும் என்பது தெரிந்திருக்கும். அப்பாவின் கார்டையே தட்டிப் பழகிய பிள்ளைக்கு அது தெரியாது. பிற்பாடு கிரெடிட் கார்டு பில் கட்டப்போவதும் இந்த அக்கவுண்ட்டிலிருந்துதான்.

"எல்லாத்தையும் டெபிட்லயே பண்றேனே, அப்புறம் கிரெடிட் எதுக்கு?" என்று பிள்ளை கேட்டால் ஸ்கோரைத் தவிர இன்னொரு பதிலும் இருக்கிறது. கிரெடிட் கார்டைத் திருடிச் செலவழித்தால் சட்டப்படி உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டில் இரண்டு வேலை நாட்களுக்குள் சொல்லாவிட்டால் அது 500 டாலர் வரை போகலாம், ஸ்டேட்மென்ட் வந்து 60 நாள் தாண்டியும் சொல்லாவிட்டால் அதற்கு மேலும் போகலாம். அதோடு, கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம், டெபிட்டில் போவது நம் பணம். விசாரணை முடியும்வரை யார் கை வெறுமையாக இருக்கும் என்பதே பெரிய வித்தியாசம்.

ஆதரைஸ்டு யூசர் என்ற குறுக்கு வழி

பதினெட்டு வயதாகாத பிள்ளை சொந்தமாகக் கிரெடிட் கார்டு வாங்க முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வயது இல்லை. ஆனால் உங்கள் கார்டில் பிள்ளையை ஆதரைஸ்டு யூசராகச் சேர்க்கலாம். பிள்ளை பெயரில் ஒரு கார்டு வரும், கணக்கு உங்களுடையதாகவே இருக்கும், பில்லும் உங்களுக்கே. அந்தக் கணக்கின் வரலாறு பிள்ளையின் கோப்பிலும் ஏறும்.

குறைந்தபட்ச வயது வங்கிக்கு வங்கி மாறும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் 13. வேறு சிலர் 15 அல்லது 16 என்பார்கள், வயதே கேட்காத வங்கிகளும் உண்டு. சேர்ப்பதற்கு முன்னால் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போட்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பதினெட்டுக்குக் கீழ் உள்ள ஆதரைஸ்டு யூசரின் கணக்கை மூன்று நிறுவனங்களுக்கும் தெரிவிக்கிறீர்களா?" எல்லோரும் தெரிவிப்பதில்லை. சிலர் பிள்ளைக்குப் பதினெட்டு ஆன பிறகே தெரிவிப்பார்கள். தெரிவிக்காத கார்டில் சேர்த்தால் பிள்ளைக்குச் செலவு செய்யும் வசதி மட்டும் கிடைக்கும், வரலாறு சேராது. சேர்க்கும்போது பிள்ளையின் சோசியல் செக்யூரிட்டி நம்பரையும் கொடுங்கள். சில படிவங்களில் அது கட்டாயம் இல்லை, ஆனால் அது இல்லாவிட்டால் சரியான கோப்பில் போய்ச் சேராமல் போகலாம்.

எந்தக் கார்டில் சேர்ப்பது? பாயின்ட் அதிகம் தரும் கார்டில் அல்ல. வீட்டில் இருப்பதிலேயே பழைய, ஒரு தவணைகூடத் தவறாத, லிமிட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாத கார்டில் சேர்த்துவிடுங்கள். பிள்ளையின் கோப்பில் போய் விழுவது அந்தக் கார்டின் குணம்தான். நீங்கள் மாதாமாதம் 10,000 டாலர் லிமிட்டில் 8,000 வரை ஓட்டுகிற கார்டு என்றால், முழுசாகக் கட்டினாலும், பிள்ளையின் கணக்கிலும் 80 சதவீதம் என்றே தெரியும். பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று இறங்கும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் ஸ்டேட்மென்ட்டைத்தான். கணவன் மனைவி இருவரில் யார் கார்டு ஒழுங்காக இருக்கிறது என்று வீட்டில் ஒரு சின்ன விசாரணை நடக்கும், நடக்கட்டும்.

நீங்களே அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது என்றால் உங்கள் கார்டுக்கே வயது இல்லை. அப்போது அவசரம் வேண்டாம், முதலில் உங்கள் வரலாறு வளரட்டும். சில உயர்ரகக் கார்டுகளில் கூடுதல் ஆளைச் சேர்க்கவே ஆண்டுக்கு நூறு டாலருக்கு மேல் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இந்தக் காரியத்துக்கு அப்படிப்பட்ட கார்டு தேவையே இல்லை.

பிள்ளை அந்தக் கார்டில் எவ்வளவு செலவழித்தாலும் சட்டப்படி கடனாளி நீங்கள்தான். சில வங்கிகளில் கூடுதல் கார்டுக்குத் தனியாக ஒரு வரம்பு வைக்க முடியும். அந்த வசதி இல்லாவிட்டால் கார்டைக் கையில் கொடுக்காமல் மேசை இழுப்பறையில் வைத்துவிடலாம், வரலாறு அதுபாட்டுக்குச் சேரும். ஆனால் என் அபிப்பிராயத்தில் பதினாறு, பதினேழு வயதில் ஒரே ஒரு செலவுக்காவது கொடுக்க வேண்டும். காருக்கு பெட்ரோல் போடுவது நல்ல தேர்வு. மாதாமாதம் வரும், தொகை சிறியது, ஏமாற்றவும் முடியாது. மாதக் கடைசியில் அந்தத் தொகையைப் பிள்ளை தன் அக்கவுண்ட்டிலிருந்து உங்களுக்கு அனுப்பட்டும்.

கார்டு வருவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் சொந்த ஸ்டேட்மென்ட் ஒன்றைப் பிள்ளைக்கு முன்னால் விரித்து வையுங்கள். நம் வீடுகளில் சம்பளம், கடன் எல்லாம் பிள்ளைகளிடம் பேசாத விஷயங்கள். அந்தப் பழக்கத்தை இந்த ஒரு நாளைக்காவது தள்ளி வைக்கலாம்.

அதில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று ஸ்டேட்மென்ட் முடியும் தேதி, இன்னொன்று கட்ட வேண்டிய கடைசித் தேதி. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வாங்கிய பொருட்களுக்கு வட்டி ஒரு சென்ட் கூடக் கிடையாது. வட்டி கட்டினால்தான் ஸ்கோர் ஏறும், அதனால் கொஞ்சம் பாக்கி வைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம் வாட்சாப் குழுக்களில் பல வருடமாக உலவுகிறது. அது பொய். பாக்கி வைத்தால் லாபம் வங்கிக்கு மட்டுமே.

அப்புறம் குறைந்தபட்சத் தொகை. 1,000 டாலர் பாக்கிக்கு 35 டாலர் கட்டினால் போதும் என்று ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கும், பிள்ளைக்கு அது கருணையாகத் தெரியும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, இனிமேல் அந்தக் கார்டில் எதுவும் வாங்கவில்லை, மாதம் 35 டாலர் மட்டும் கட்டுகிறோம் என்றால் கடன் தீர ஏறத்தாழ 43 மாதம் ஆகும். மொத்தமாகக் கட்டியிருப்பது சுமார் 1,500 டாலர். ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய ஹெட்போனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகும் பணம் கட்டிக்கொண்டிருப்பது போன்ற கணக்கு இது. உங்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டிருப்பார்கள், அப்படிப் போட வேண்டும் என்பதும் சட்டம். அந்தக் கட்டத்தை விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும். வென்மோவில் நண்பனுக்கு அனுப்பும் பணத்தைக் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்தாலும் கட்டணம் விழும். செருப்பு வாங்கும்போது "நான்கு தவணையில் கட்டலாம்" என்று திரையில் வரும் கிளார்னா, அஃபர்ம் வகையறாக்களும் கடன்தான். பிள்ளைகள் அதைக் கடன் என்று நினைப்பதே இல்லை, அங்கேதான் ஆபத்து.

பதினெட்டு ஆனதும்

இப்போது சொந்தக் கார்டு வாங்கலாம், ஆனால் சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. 2009ல் வந்த கார்டு சட்டத்தின்படி 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் கடனைக் கட்டும் அளவுக்குத் தனக்கென்று வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும், அல்லது 21 வயது நிரம்பிய ஒருவர் உடன் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் பெரிய வங்கிகள் உடன் கையெழுத்தை ஏற்பதில்லை. சில கிரெடிட் யூனியன்கள் ஏற்கும். ஏற்றாலும் அதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஆதரைஸ்டு யூசரை ஒரு போன் காலில் நீக்கிவிடலாம், உடன் கையெழுத்திலிருந்து அப்படி நழுவ முடியாது.

இந்தச் சட்டத்துக்கு முன்னால் கல்லூரி வளாகங்களில் மேசை போட்டு, டி-ஷர்ட் கொடுத்து விண்ணப்பம் வாங்குவது சர்வசாதாரணம். வளாகத்திலும் அதன் அருகிலும் அப்படிப் பொருள் கொடுத்து மாணவரை இழுப்பதை அந்தச் சட்டம் தடை செய்தது.

வருமானம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? பிள்ளையின் சொந்த வருமானம்: பகுதி நேர வேலை, கோடைக்கால வேலை, கல்லூரிக்குள் செய்யும் வேலை, ஃபீஸ் போக மிஞ்சும் ஸ்காலர்ஷிப். அப்பாவின் சம்பளத்தை எழுதக் கூடாது. 21 வயதுக்கு மேல்தான் தன் கைக்கு எட்டும் குடும்ப வருமானத்தையும் சேர்த்துச் சொல்லலாம். தொகை சிறியதாக இருந்தால் பரவாயில்லை, முதல் கார்டுக்கு யாரும் லட்சங்களை எதிர்பார்ப்பதில்லை. விண்ணப்பத்தில் பொய் வருமானம் எழுதுவது குற்றம், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வகைக் கார்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாணவர்களுக்கென்றே உள்ள ஸ்டூடன்ட் கார்டுகளை டிஸ்கவர், கேப்பிட்டல் ஒன், பேங்க் ஆஃப் அமெரிக்கா போன்றவை தருகின்றன. வரலாறு இல்லாதவரையும் எடுத்துக்கொள்வார்கள், டெபாசிட் கேட்க மாட்டார்கள். ஆண்டுக் கட்டணம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் இந்தக் கட்டத்தில் சில்லறைக் காசு.

ஸ்டூடன்ட் கார்டு கிடைக்காவிட்டால் செக்யூர்டு கார்டு. 200 டாலர் போல டெபாசிட் கட்டினால் அதே அளவு லிமிட் கிடைக்கும். ஒழுங்காக நடந்துகொண்டால் சில மாதங்கள் கழித்து டெபாசிட்டைத் திருப்பித் தந்து சாதாரணக் கார்டாக மாற்றுவார்கள். ரிப்போர்ட்டில் இதுவும் மற்றக் கார்டுகளைப் போலத்தான் வேலை செய்யும், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. டெபாசிட் கட்டிவிட்டதால் வருமானம் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். 21 வயது விதி இதற்கும் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் ஃப்ரீஸை எடுங்கள். பிறகு வங்கியின் தளத்தில் கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அதனால் ஸ்கோருக்குப் பாதிப்பில்லை. உண்மையான விண்ணப்பம் போட்டால் மட்டுமே அந்த விசாரணை ரிப்போர்ட்டில் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நிற்கும். ஒன்று நிராகரிக்கப்பட்டால் அதே ராத்திரியில் இன்னும் நான்கு இடத்தில் முயற்சி செய்ய வேண்டாம். ஏன் நிராகரித்தோம் என்று கடிதம் வரும். அதைப் படித்துவிட்டு அடுத்த அடி வைக்கலாம்.

எச்-4 பிள்ளைகளுக்கு

இதுவரை சொன்னது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்கு நேராகப் பொருந்தும். நம் சமூகத்தில் கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை வேறு.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, அதனால் சோசியல் செக்யூரிட்டி நம்பரும் கிடையாது. வேலை இல்லை என்றால் வருமானம் இல்லை, வருமானம் இல்லை என்றால் 21 வயதுக்குள் சொந்தக் கார்டு ஏறத்தாழ நடக்காத காரியம். வரி சம்பந்தமாக ஐடின் நம்பர் (சோசியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் எண்) பெற்றிருந்தால் அதை ஏற்கும் வங்கிகள் உண்டு, ஆனால் வருமானக் கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும்.

ஆதரைஸ்டு யூசர் வழி இவர்களுக்கும் திறந்திருக்கலாம். சோசியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு. அது ரிப்போர்ட்டில் ஏறுமா என்பது வங்கியைப் பொறுத்தது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறாவிட்டாலும் கார்டை ஒழுங்காகக் கையாளும் பழக்கம் பிள்ளைக்கு வரும்.

21 வயதில் எச்-4 தகுதியே முடிந்துவிடும் என்பதால் பல பிள்ளைகள் அதற்கு முன்பே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். மாறிய பிறகு கல்லூரிக்குள் வேலை கிடைத்தால் (வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை) அந்த வேலையைக் காட்டி சோசியல் செக்யூரிட்டி நம்பர் வாங்கலாம். நம்பர், சொந்த வருமானம், ஸ்டூடன்ட் கார்டு மூன்றும் அடுத்தடுத்துச் சாத்தியமாகும். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புது நம்பர் வந்ததும் அதை வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

முதல் வருடம்

கார்டு வந்த அன்றைக்கே ஆட்டோபே போடச் சொல்லுங்கள், குறைந்தபட்சத் தொகைக்கு அல்ல, முழு ஸ்டேட்மென்ட் தொகைக்கு. கல்லூரி முதல் வருடத்தில் பிள்ளைகள் தேர்வை மறப்பார்கள், சாப்பாட்டை மறப்பார்கள், பில் தேதி எம்மாத்திரம்? செக்கிங் அக்கவுண்ட்டில் பணம் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கும் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு. கார்டில் ஓடுவது ஒன்றிரண்டு சின்னச் செலவுகளாக இருந்தால் போதும்: ஸ்பாட்டிஃபை சந்தா, பெட்ரோல், வாரம் ஒரு முறை காபி.

லிமிட் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாடப் புத்தகத்துக்கு 400 டாலர் தேய்த்துவிட்டு, கடைசித் தேதிக்குள் முழுசாகக் கட்டியும், ஸ்கோர் இறங்கிவிட்டது என்று பிள்ளை போனில் புலம்பும். காரணம் இதுதான்: வங்கிகள் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் முடியும் நாளில் உள்ள பாக்கியைத்தான் தெரிவிக்கின்றன. அன்றைக்கு 80 சதவீதம் என்று போயிருக்கும். 30 சதவீதத்துக்குக் கீழ் வைப்பது நல்லது, பத்துக்குக் கீழ் இன்னும் நல்லது. பெரிய செலவு வந்தால் ஸ்டேட்மென்ட் முடியும் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். அப்படியே ஒரு மாதம் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம், அடுத்த மாதம் பாக்கி குறைந்தால் ஸ்கோரும் மீண்டுவிடும். எளிதில் மீளாதது தாமதக் கட்டணம் அல்ல, தாமதப் பதிவு.

அதன் விவரம் இது. கடைசித் தேதியை ஒரு நாள் தவறவிட்டால் அபராதம் விழும், ஆனால் 30 நாள் தாண்டினால்தான் தாமதம் என்று ரிப்போர்ட்டில் ஏறும். ஏறிவிட்டால் ஏழு ஆண்டுகள் இருக்கும். ஆகவே பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டியது: தவறிவிட்டால் மறைக்காதே, அன்றைக்கே கட்டு, கட்டிவிட்டு வங்கிக்குப் போன் செய்து முதல் முறை என்று சொல்லி அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேள். முதல் தடவைக்குப் பெரும்பாலும் செய்வார்கள். அப்பா திட்டுவார் என்ற பயத்தில் 35 நாள் மூடி மறைத்த பில்தான் நம் வீடுகளில் பெரிய சேதம் செய்கிறது. இதில் திட்டாமல் இருப்பதும் பெற்றோரின் வேலைகளில் ஒன்று.

ரிப்போர்ட்டை ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று நிறுவனங்களிலிருந்தும் வாரம் ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். அவ்வளவு அடிக்கடி தேவையில்லை, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். பெயர், முகவரி, தெரியாத கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவும். நம் பெயர்களில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்ற குழப்பத்தில் ஒரே ஆள் இரண்டு விதமாகப் பதிவாவதுண்டு. அப்பா பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயராக இருக்கும் வீடுகளில் இருவர் கணக்கும் கலந்துவிடவில்லை என்றும் பாருங்கள். தவறு இருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தந்த நிறுவனத்திடமே மறுப்புத் தெரிவிக்கலாம். கிரெடிட் கர்மா காட்டும் எண்ணும் வங்கி காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. முன்னது வான்டேஜ் ஸ்கோர், வேறு கணக்கு முறை.

தங்கும் அறை மாறினால் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். பழைய டார்மிட்டரிக்குப் போகும் புதுக் கார்டு யார் கையிலும் சிக்கலாம். மூன்று நிறுவனங்களிலும் ஃப்ரீஸை மீண்டும் போட்டுவிடுங்கள், ஏற்கெனவே உள்ள கார்டைப் பயன்படுத்த அது தடையில்லை.

இரண்டாவது கார்டுக்கு ஒரு வருடமாவது போகட்டும். அது வந்த பிறகும் முதல் கார்டை மூட வேண்டாம். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் சும்மா கிடந்தாலும் லிமிட்டும் வயதும் பிள்ளை பக்கம் நிற்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை அதில் ஏதாவது வாங்கினால் வங்கி தானாக மூடுவதையும் தவிர்க்கலாம். உங்கள் கார்டிலிருந்து ஆதரைஸ்டு யூசரை நீக்குவதற்கும் அவசரம் இல்லை. பிள்ளையின் சொந்தக் கணக்குக்கு இரண்டு வருடம் ஆன பிறகு, அல்லது உங்கள் கார்டில் பெரிய செலவு ஏதாவது வரப்போகிறது என்றால் அதற்கு முன்பாக, நீக்கிவிடலாம்.